இருபத்தொரு தேங்காயும் ஒரு வாலும்

பின்வளவுக் கொட்டிலின் கதவைத் திறந்தபோது உள்ளே இருந்தவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம்.

அவருடைய வாய்க்குள் பற்கள் இருந்தன. எத்தனை என்று எண்ணவில்லை. எண்ணிக்கொண்டு நிற்கிற ஆள் நான் இல்லை. என்னுடைய வாய்க்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. "ஆர் அது?" என்று நான் அதட்டியதாகத்தான் பிறகு எல்லாருக்கும் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு ஹெலன், யாரோ அடுப்பில் கேத்தலை மறந்துவிட்டார்கள், அது விசில் அடிக்கிறது என்று நினைத்தாராம்.

சனிக்கிழமை மத்தியானம். நல்ல வெயில். ஜனவரி மாதத்து ரொறன்ரோ வெயில் படத்தில் கீறிய நெருப்பு மாதிரி. பார்க்கலாம், குளிர்காய முடியாது. வாசல் படியில் தூவுகிற உப்புப் பையை எடுக்கத்தான் கொட்டிலுக்குப் போனேன். தொடையளவு பனியில் சவலால் பாதை வெட்டிக்கொண்டு போய்ச் சேர அரை மணித்தியாலம் எடுத்தது. திரும்பி விழ அரை செக்கன்.

பனி என்னை மெத்தைபோல ஏந்திக்கொண்டது. எழும்பிப் பார்த்தேன். அவரும் விழுந்து கிடந்தார். பக்கவாட்டில், கால்களை மடக்கி, வாய் திறந்து, நாக்கு வெளியே தொங்க. கண் திறந்திருந்தது, ஆனால் அது எதையும் பார்க்கவில்லை. ஒரு மணமும் வந்தது.

பூனையளவு உடம்பு. நரைத்த மயிர். வெள்ளை முகம், றோஸ் நிற மூக்கு. மயிரே இல்லாத நீண்ட வால்.

நான் கத்தி ஒரு உயிர் போய்விட்டது. அதுநாள்வரை என் குரலுக்குப் பயந்து எழும்பிப் போனது பஜனைக்கு வந்த சனம் மட்டுந்தான்.

இரண்டு கையும் உயர்த்திய விண்டர்

எந்த வருஷம் என்று என்னிடம் கேட்காதீர்கள். என் மனைவி ராணிக்குத்தான் வருஷங்கள் தெரியும். நகரசபை பனியோடு மல்லுக்கட்ட முடியாமல் இராணுவத்தைக் கூப்பிட்ட விண்டர் என்றால் பழைய ஆட்களுக்கு விளங்கும்.

கனடாவில் ஆமி வருகிறது என்று ரேடியோவில் சொன்னபோது நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். கோப்பையை வைத்துவிட்டு முதலில் செய்த வேலை, எங்கள் கடுதாசிகள் இருக்கிற பையைத் தேடியது. ஊர்ப் பழக்கதோஷம். அடுத்தநாள் பச்சை ட்ரக் ஒன்று தெருமுனையில் வந்து நின்றது. பெடியன்கள் குதித்தார்கள். கையில் சவல். பஸ் நிற்கிற இடத்துப் பனியை வழித்தார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னை ஒருவன் கண்டுவிட்டான். சிரித்துக்கொண்டு கையைக் காட்டினான்.

பதிலுக்கு நானும் கையை உயர்த்தினேன். இரண்டு கையையும்.

ராணி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

அந்த இலையுதிர்காலத்தில்தான் ஸ்காபரோவில் வீடு வாங்கியிருந்தோம். அதற்கு முதல் பன்னிரண்டாம் மாடியில் இருந்தோம். அங்கே எங்களுக்குத் தெரிந்த ஒரே காட்டுமிருகம் பல்கனிப் புறா. இப்போது திடீரென்று பின்வளவு, ஒரு மேப்பிள் மரம், பழைய சொந்தக்காரர் விட்டுப்போன மரக் கொட்டில். அவற்றோடு சேர்த்து, கடுதாசியில் எழுதாத குடியிருப்பாளர்களும் கிடைத்தார்கள்.

அவர்களுடைய பாட்டை அந்த விண்டரில்தான் பார்த்தேன். பனி கொட்டும். பிறகு ஒரு நாள் மழை தூறும். அந்த இரவே அது உறைந்து, பனிக்கு மேலே கண்ணாடித்தகடு போட்டதுபோலாகிவிடும். அதற்கு மேலே மறுபடியும் பனி. அணில் ஒன்று இலையுதிர்காலத்தில் தான் புதைத்த கொட்டையைத் தேடித் தோண்டும். கண்ணாடி வரும். பிறாண்டும். கொஞ்சம் தள்ளிப் போய்த் தோண்டும். அங்கேயும் கண்ணாடி. முன்னங்கால்களை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நிமிர்ந்து இருந்து யோசிக்கும். வீட்டுக் கடன் கேட்டு நான் வங்கியில் நின்ற நிலை அது.

சிட்டுக்குருவிகள் ட்றையரின் சுடுகாற்று வெளியே வருகிற குழாயைச் சுற்றி உடம்பை உப்பவைத்துக்கொண்டு குந்தியிருக்கும், பஞ்சுருண்டைகள் மாதிரி. இதை ராணி கண்டுபிடித்த நாளில் இருந்து எங்கள் வீட்டில் உடுப்புத் தோய்ப்பது கூடிவிட்டது. ஒருநாள் இரண்டு காலுறைகள் மட்டும் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தன. என்ன இது என்று கேட்டேன். "ஈரம்" என்றாள்.

ஒரு காலை பின்படியில் ஒரு குருவி விறைத்துக் கிடந்தது. எடுத்தபோது பாரமே இல்லை. ராணி அதைக் கடதாசித் துவாயில் சுற்றினாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை, விண்டரை நான்தான் கொண்டுவந்தவன் என்பதுபோல.

இப்போது விளங்கும், அப்படிப்பட்டவளிடம் போய் நான் ஒருவரைக் கொன்றுவிட்டேன் என்று சொல்வது எவ்வளவு லேசான காரியம் என்று.

பிள்ளையாற்றை ஆள்

ராணி என் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தாள். கொட்டிலுக்குள் குனிந்து பார்த்தாள். வாலைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இண்டைக்கு என்ன நாள் தெரியுமோ?"

"சனி."

"சதுர்த்தி. நான் விரதம். இது பெருச்சாளி. பிள்ளையாற்றை வாகனம். அதைத்தான் நீங்கள் சாகடிச்சுப்போட்டு நிக்கிறியள்."

நான் மரக்கறிகூட வெட்டத் தெரியாதவன், கொலை செய்யவில்லை, கத்தினேன், அவ்வளவுதான் என்றேன். சூரனுக்கே வேல் தேவைப்பட்டது, இவருக்கு உங்கள் குரல் போதும் என்றாள். அந்த நேரத்தில் இருந்துதான் இவரை நாங்கள் 'அவர்' என்று சொல்லத் தொடங்கினோம். வாகனம் என்றாலும் மரியாதை மரியாதைதான்.

பயம் வந்தால் நான் சின்னராசா அண்ணைக்குப் போன் எடுப்பேன். பயம் போவதற்கு அல்ல. அது முழுசாக வரட்டும் என்று. எனக்கு ஐந்து வருஷம் முந்தி கனடா வந்தவர், விட்பியில் வீடு. அந்த ஐந்து வருஷத்தில் இந்த நாட்டின் சட்டம் முழுவதையும் காற்றில் இருந்து படித்தவர்.

"தம்பி, இஞ்சை மனுசனுக்கு ஒண்டு நடந்தால் விசாரணை. மிருகத்துக்கு நடந்தால் விசாரணையே இல்லை, செய்தவன்ரை கதை முடிஞ்சுது."

"நான் அடிக்கேல்லை அண்ணை. கத்தினனான்."

"சாட்சி இருக்கோ?"

"பக்கத்து வீட்டு மனுசி கேட்டவ."

"உம்மடை சிற்றிசன் சோதனை எப்ப?"

"வாற மாசம்."

மறுபக்கத்தில் ஒரு பெருமூச்சு விட்பியில் புறப்பட்டு ஸ்காபரோ வந்து சேரும் அளவுக்கு நீண்டது. பிறகு, மனதைத் தளரவிடாதே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது ராணி கொட்டில் வாசலில் கைகூப்பிக்கொண்டு நின்றாள். நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். இவர் உயிர் மீண்டால் இருபத்தொரு சிதறு தேங்காய் அடிப்பதாக. அடிப்பது யார் என்பதையும் பிள்ளையாருக்குத் தெளிவாகச் சொன்னாள்.

"இந்த மனுசன் அடிப்பார்."

காது

செத்தவரை மரியாதையாக அடக்கம் செய்யவேண்டும் என்று நான் சவலை நிலத்தில் குத்தினேன். டாண் என்று கோயில் மணி மாதிரிச் சத்தம் வந்தது. மார்ச் மாதம்வரை இந்த நிலத்தில் ஒருவரையும் புதைக்க முடியாது.

வேறு வழியில்லாமல் மாம்பழப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, சவலால் அவரை மெல்ல அதற்குள் ஏந்தி வைத்தேன். அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன்.

காது இரண்டும் கறுத்து, ஓரம் கருகி உதிர்ந்த அப்பளம் மாதிரி. வாலின் நுனி ஒரு விரல்கடை அளவுக்குக் கறுப்பு. குளிர் தின்றது. காலில் மயிர் இல்லை. வெறும் விரல்கள், குழந்தைப்பிள்ளையின் விரல்கள் மாதிரி ஐந்தைந்து. அந்த விரல்களோடுதான் இவர் இந்தப் பனிக்கு மேலே நடந்து வந்திருக்கிறார். வயிறு ஒட்டிப்போய் இருந்தது.

நானும் இப்படி ஒரு குளிரில், பெப்ரவரியில்தான் வந்து இறங்கினேன். கொழும்பில் தைத்த கோட். தொப்பி இல்லை. தொப்பி போட்டால் தலைமயிர் கலையும் என்று நினைத்த வயது. விமான நிலையத்தில் இருந்து பஸ் தேடி நடந்ததில் இரண்டு காதும் உணர்வில்லாமல் போய், பிறகு உணர்வு வந்தபோது ஏன் வந்தது என்று அழுதேன். இன்றைக்கும் விண்டர் தொடங்கப்போகிறது என்றால் இடது காது எனக்கு ஒரு கிழமை முந்திச் சொல்லும்.

தேவாலயம் ஒன்றின் நிலவறையில் எனக்குத் தந்த முதல் கனத்த கோட் கொட்டிலில்தான் தொங்கியது. எறியச் சொல்லி ராணி பத்து வருஷமாகச் சண்டை. அதை எடுத்து அவர்மேல் போர்த்தினேன். செத்தவருக்கு எதற்குக் கோட் என்று அவள் கேட்கவில்லை.

அரை மணித்தியாலத்தால் திருநீறு போடச் சொல்லி அனுப்பினாள். கதவைத் திறந்தேன். கோட் கிடந்தது. பெட்டி கிடந்தது. அவர் இல்லை.

நான் கத்தவில்லை என்று எழுத ஆசைதான். ஹெலன் மறுபடியும் வேலியடிக்கு வந்துவிட்டார்.

ஒரு பொய்யைத் திருத்துகிறேன்

ஹெலன் போலந்தில் பிறந்தவர், எழுபது தாண்டியவர், தன் சாப்பாட்டைவிடக் குருவிகளின் சாப்பாட்டைப் பற்றிக் கூடுதலாக யோசிப்பவர். நடந்ததை நான் கையாலும் காலாலும் சொன்னேன். நாக்கைத் தொங்கவிட்டும் காட்டினேன். அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அது பெருச்சாளியும் இல்லை, செத்ததும் இல்லை, பொஸம் என்றார். தெற்கத்திய மிருகம். கொஞ்சக் காலமாகத்தான் இந்தப் பக்கம் ஏறி வருகிறதாம். இந்தக் குளிருக்கு ஏற்ற உடுப்பு அதற்கு இல்லை, அதனால்தான் காதும் வாலும் இப்படி. விண்டர் முழுக்க நித்திரை கொள்ளவும் தெரியாது. வழக்கமாக இருட்டில்தான் வரும். பட்டப்பகலில் வந்திருக்கிறது என்றால் பசி அவ்வளவு.

செத்ததுபோல நடித்து என்னை ஏமாற்றிவிட்டதே, கெட்டிக்காரன் என்றேன். ஹெலன் சிரிப்பதை நிறுத்தினார்.

"நடிப்பு இல்லை. பயம் எல்லை தாண்டினால் உடம்பு தானாக நின்றுவிடும். எப்போது நிற்பது, எப்போது எழும்புவது, ஒன்றும் அதன் கையில் இல்லை."

இந்த இடத்தில் வாசகர்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்கவேண்டும். சில கிழமைகளுக்கு முன் இந்தத் தொடரில், ஊரில் ஹெலிகொப்டர் சுட்டுக்கொண்டு சுற்றிய நாளில் நான் றோட்டில் செத்தவன் மாதிரித் தந்திரமாகப் படுத்துக்கிடந்து தப்பினேன் என்று எழுதியிருந்தேன். பலர் பாராட்டி எழுதினீர்கள். ஒருவர் என் சமயோசிதம் என்றே எழுதினார்.

தந்திரம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் எல்லாரும் ஓடினார்கள். எனக்கும் ஓடத்தான் விருப்பம். சைக்கிள் ஒரு பக்கம் விழுந்தது, நான் மறுபக்கம். கால் என்ற ஒன்று எனக்கு இருப்பதே தெரியவில்லை. சத்தமும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்றும் தெரியாது. யாரோ தோளைப் பிடித்து உலுப்பி, "தம்பி, உயிரோடை இருக்கிறியோ?" என்று கேட்டார். "தெரியாது" என்றேன்.

முன்னுக்கு ஒரு மணம் பற்றி எழுதினேன். அன்றைக்கு நான் உடுத்திருந்த சாரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவேண்டாம்.

வெட்கத்தில் அதைத் தந்திரம் ஆக்கி வைத்திருந்தேன். எழுபது வயது மனுசி ஒருத்தி வேலிக்கு மேலால் கையை நீட்டி அந்த வெட்கத்தை வாங்கிக்கொண்டார். லேசாக இருந்தது.

இப்போது அவர் தப்பிவிட்டார்தானே என்று கேட்டேன். ஹெலன் வானத்தைப் பார்த்தார். இனித்தான் பெரிய குளிர் வருமாம் என்றார். அந்த உடம்போடு இந்த மாதத்தைத் தாண்டுமோ தெரியாது என்றார்.

சிதறாத சிதறு தேங்காய்

செத்தவர் எழும்பிப் போய்விட்டார். ராணியைப் பொறுத்தவரை பிள்ளையார் தன் பக்கத்தை முடித்துவிட்டார், மிச்சம் எங்கள் பக்கம். அது பெருச்சாளி இல்லையாம், பொஸமாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஊருக்கு ஊர் வாகனத்துக்குப் பெயர் மாறும் என்றாள்.

கோயில் இருக்கிற கட்டடத்தின் கார் நிற்பாட்டுமிடம் பனிக்குள் புதைந்து கிடந்தது. அங்கே ஒரு சிறங்கை வெறும் நிலம் இல்லை. பின்வளவிலேயே அடிப்பது என்று முடிவாயிற்று. தமிழ்க் கடையில் இருபத்தொரு தேங்காய் வாங்கினேன். வீட்டில் விசேஷமோ என்று கடைக்காரர் கேட்டார். ஒருவர் செத்துப் பிழைத்தார் என்றேன். மிச்சக் காசைத் தூர நின்று தந்தார்.

காரில் இருந்து இறக்க மறந்து ஒரு இரவு அப்படியே விட்டுவிட்டேன். ஞாயிறு மத்தியானம் எடுத்தபோது ஒவ்வொன்றும் பீரங்கிக் குண்டு. உள்ளே தண்ணீர் ஆடவே இல்லை.

முதல் தேங்காயை இரண்டு கையாலும் தலைக்கு மேலே உயர்த்தி, பிள்ளையாரை நினைத்து ஓங்கி அடித்தேன்.

பொதுக்.

பனியில் ஒரு வட்ட ஓட்டை. தேங்காயைக் காணவில்லை. இரண்டாவதை இன்னும் பலமாக அடித்தேன். இன்னொரு ஓட்டை. ஐந்து அடித்தேன், ஐந்து ஓட்டை. ஹெலனின் யன்னல் திரை அசைந்தது. முதல்நாள் நாக்கைத் தொங்கவிட்டு நடித்துக் காட்டிய அயல்வீட்டுக்காரன் இன்று வெறும் பனிக்குப் பந்து எறிகிறான்.

பின்படியின் சீமெந்தை வழித்து ஆறாவதை அதில் அடித்தேன். அது துள்ளி என் முழங்காலுக்கு வந்தது. சுத்தியலை எடுத்தேன். ராணி யன்னலைத் தட்டினாள்.

"சுத்தியலால உடைச்சால் அது சம்பலுக்கு. தானாய்ச் சிதறவேணும்."

கடைசியில் வழி இதுதான்: ஒரு தேங்காயை இரவு முழுக்கச் சமையலறைக்குள் வைத்து உருகவிட்டு, காலையில் வேலைக்குப் போக முதல் சீமெந்தில் அடிப்பது. ஒரு நாளைக்கு ஒன்று. ஒரே மூச்சில் முடியவேண்டிய நேர்த்தி இருபத்தொரு நாளுக்கு நீண்டது. புதைந்த ஐந்தையும் சவலால் தேடி எடுத்தேன்.

முதல் தேங்காய் சிதறிய பத்தாவது நிமிஷத்தில் நீலக்குருவி ஒன்று இறங்கியது. பிறகு அணில், பிறகு சிவப்புக் கார்டினல் குருவிச் சோடி. ஹெலன் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, இது எவ்வளவு நல்ல யோசனை, உள்ளே எல்லாம் கொழுப்பு, இந்தக் குளிருக்கு இதைவிட வேறு என்ன வேணும், எங்கே படித்தாய் என்று கேட்டார். எங்கள் சமயத்தில் இருக்கிறது என்றேன். அரைப் பொய்.

பெரிய துண்டு ஒன்றை எடுத்துக் கொட்டிலுக்குள், கோட்டின் பக்கத்தில் வைத்தேன். கதவை ஒரு சாண் திறந்துவிட்டேன்.

ஆள் வந்தவரோ?

இரண்டாம் நாள், தேங்காய் அப்படியே இருந்தது. மூன்றாம் நாளும். நான்காம் நாள் காணவில்லை, ஆனால் பனியில் இருந்தது அணிலின் காலடி.

ஐந்தாம் நாள் காலை கொட்டில் வாசலில் புது அடையாளம். விரல்களை விரித்த சின்னக் கைகள், நட்சத்திரங்கள் மாதிரி. நடுவிலே ஒரு நீண்ட கோடு, பென்சிலால் இழுத்ததுபோல. வால். சிரட்டை மட்டும் மிச்சம், உள்ளே திருவலையால் துருவியதுபோலச் சுத்தம். நான் பனிக்குள் முழங்காலில் நின்று அந்தக் கோட்டைப் பார்த்தேன். வேலைக்கு அன்று பிந்திப் போனேன். காரணம் கேட்ட சூப்பர்வைசருக்கு, வீட்டில் ஒருவர் சுகமில்லாமல் இருந்தவர், சாப்பிடத் தொடங்கிவிட்டார் என்றேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

பிறகு அந்தப் பெரிய குளிர் வந்தது. மூக்கு மயிர் உறையும் குளிர். காரின் கதவு திறக்காது, திறந்தால் பூட்டாது. அடையாளம் நின்றுவிட்டது. ஒன்பதாம் நாள், பத்தாம் நாள், பதினான்காம் நாள். நான் வீடு திரும்பியிருக்கும் நேரம் பார்த்து, ராணி தன் வேலையிடத்தில் இருந்து இடைவேளையில் எனக்குப் போன் எடுப்பாள். ஹலோ கிடையாது.

"ஆள் வந்தவரோ?"

"இல்லை."

வைத்துவிடுவாள்.

இடையில் குடியுரிமைக்கான அந்தச் சிற்றிசன் சோதனையை எழுதினேன். பாஸ். கனடாவின் மிருகம் எது என்று கேட்டிருந்தார்கள், சரியான விடையைத்தான் எழுதினேன், ஆனால் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதினேன். சின்னராசா அண்ணை தான் சொன்ன புத்தியால்தான் பாஸ் என்று எல்லாருக்கும் சொல்லித் திரிந்தார்.

இருபத்தோராவது தேங்காய் நன்றாகச் சிதறியது. மூன்று துண்டு ஹெலனின் வளவுக்குள்ளேயே போனது. கொட்டிலில் முந்திய நாள் துண்டு தொடப்படாமல் கல்லாகிக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் புதிய துண்டை வைத்துவிட்டு வந்தேன். நேர்த்தி முடிந்தது.

அடுத்த காலை சமையலறைக்குப் போனேன். மேசையில் ஒரு தேங்காய் இருந்தது. முதல்நாள் வேலையால் வரும்போது அவளே வாங்கி வந்திருக்கிறாள்.

"நேர்த்தி முடிஞ்சுதெல்லோ?" என்றேன்.

ராணி தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னாள்.

"இது நேர்த்திக்கில்லை."

பனி கரைந்தபின்

எத்தனை தேங்காய் என்று பிறகு நாங்கள் எண்ணவில்லை. ஹெலன் இனி நம்பவேண்டாம் என்று சொல்லாமல் சொன்னார். வேலியில் பேசும்போது கொட்டில் பக்கம் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டார்.

மார்ச் மாதக் கடைசியில் கூரையில் இருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகத் தொடங்கியது. வளவில் மண் தெரிந்தது. பனிக்குள் ஒளிந்திருந்த சிரட்டைத் துண்டுகள் எல்லாம் வெளியே வந்து, பெரிய விருந்து முடிந்த வீட்டின் பின்பக்கம் மாதிரிக் கிடந்தது. விண்டர் முடிந்தது என்று சவலைக் கொட்டிலில் வைக்கப் போனேன். கதவு ஒரு சாண் திறந்தபடியே இருந்தது. இழுத்தேன்.

என் பழைய கோட்டின் மேலே அவர் இருந்தார்.

காது இரண்டிலும் பாதிதான் மிச்சம். வாலில் கறுத்த துண்டு இல்லை, கட்டையாக, ஆறிய நுனி. ஆனால் வயிறு வயிறாக இருந்தது. இரண்டு முன்விரல்களாலும் ஒரு தேங்காய்த் துண்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அந்தப் பற்கள்.

எனக்கும் அடிவயிற்றில் இருந்து அது கிளம்பி வந்தது, கேத்தல் சத்தம். தொண்டைவரை வந்துவிட்டது. சவலை இறுக்கிப் பிடித்தேன். வாயை மூடினேன்.

அவர் விழவில்லை. நானும் விழவில்லை. கூரை சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தால் அவர் வாயை மூடி, மறுபடியும் தேங்காயைக் கடித்தார். கறுக் என்று சத்தம்.

"ஓம், ஓம், நீங்கள் சாப்பிடுங்கோ" என்று மெல்லச் சொல்லிவிட்டு, சந்நிதியில் இருந்து வருவதுபோல முதுகைக் காட்டாமல் பின்னுக்கு நடந்து வந்தேன்.

படியேறியபோது ராணி கதவைத் திறந்துகொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், போனை எடுத்து, கடைக்காரரிடம் நாளைக்குத் தேங்காய் இருக்குமா என்று கேட்டாள்.